ஒரு ஜன்னலுக்கு இம்புட்டு விலையா?

அத்தியாயம் பதினொன்று

சித்தையன்கோட்டையிலிருந்து சனாவுல்லா குடும்பம் ஃபாயிஸாவைப் பெண் கேட்டு வந்து போனதையும், மாப்பிள்ளையின் போட்டோவை ஃபாயிஸா செல்லில் ஒளித்து ஒளித்துப் பார்த்துக்கொண்டிருந்ததையும் போன வாரமே பார்த்துவிட்டோம். அம்மா உம்மு சல்மா அதைக் கவனிக்கவில்லை என்று பெண் நினைக்கிறாள். உம்மு சல்மா கவனிக்காதது அந்த வீட்டில் ஒன்றுமே கிடையாது. அப்படித்தான் உம்மு சல்மாவும் நினைத்துக்கொண்டிருந்தாள், இன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும்.

நாளை வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் வைத்து ஜமாஅத் பெரியவர்கள் முன்னால் பேசி முடித்து, நிக்காஹ் தேதி குறிப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாளான இன்றைக்குத்தான் அந்தப் பாழாய்ப்போன கப்பல் கூட்டம் வந்து வாய்த்தது.

கப்பல் கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நாகல் நகரில் ஃபாயிஸாவின் அப்பா அப்துல் ஹக்கீம், அப்துல் ஹாதி என்ற அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. கடையும் ஒன்றுதான். செருப்புக்கு வேண்டிய சோல், ரெக்சின், வார், ஒட்டுகிற பசை எல்லாம் அங்கே கிடைக்கும். அந்தப் பசை கம்பெனிதான், நிறைய விற்றுக்கொடுத்த கடைக்காரர்களை ஜோடி ஜோடியாகச் சென்னையில் கப்பலேற்றி இலங்கை வரைக்கும் கூட்டிப்போய் வருகிறேன் என்று கிளம்பியிருக்கிறது. அண்ணனுக்கு ஒரு ஜோடி டிக்கெட், தம்பிக்கு ஒரு ஜோடி. சித்தையன்கோட்டை சனாவுல்லாவும் அதே பசையைத்தான் விற்கிறார். அவருக்கும் ஒரு ஜோடி.

கம்பெனி இனாமாகக் கொடுப்பது ஜன்னல் இல்லாத உள்ரூமும் சாப்பாடும். அதற்கு மேலே பால்கனி ரூம், வைஃபை, போட்டோ, கரையிறங்கிச் சுற்றிப் பார்க்க பஸ், இன்னும் என்னென்னவோ வேண்டுமென்றால் அவரவர் கைக்காசு.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலின் மாடி ஹாலில் கூட்டம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் டிராவல் ஏஜென்ட் பையன் முகேஷ்குமார் மைக்கைப் பிடித்தான். ஒவ்வொரு ஜோடியையும் மேடைக்குக் கூப்பிட்டு, கம்பெனி பெயர் போட்ட பயணப் பையைக் கொடுத்தான். பையில் ஒரு டேக் தொங்கியது.

"பச்சை டேக் வச்சிருக்கவங்களுக்கு கம்பெனி ரூம், கம்பெனி சாப்பாடு. மஞ்ச டேக்குன்னா வைஃபை சேத்து. ரெட் டேக் வச்சிருக்கவங்க குடுத்து வச்சவங்க சார். கப்பல்ல பார் பூரா உங்களுக்குத்தான், போதும்னு நீங்க சொல்ற வரைக்கும் ஊத்துவாங்க."

ஹால் சிரித்தது. ஹக்கீமும் உம்மு சல்மாவும் ஏறிப் பச்சை டேக் வாங்கி வந்தார்கள். சனாவுல்லாவும் அவர் மனைவி கமர்ஜஹானும் பச்சை.

"அடுத்தது நாகல் நகர் ஹாதி சார், மேடம். பால்கனி ரூமும் பாரும் சேந்த கோம்போ எடுத்திருக்காங்க. ரெட் டேக். கைதட்டுங்க எல்லாரும்."

கைதட்டல் வரவில்லை. ஏறிய கால் ஹாதிக்கு இறங்கத் தெரியவில்லை. அவன் மனைவி மஹ்ஜபீன் பையை வாங்கினாள், டேக்கைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பின் வரிசையிலிருந்து வேடசந்தூர் பொன்னழகு, "பாய், கப்பல்ல நம்ம டேபிளுக்கு வந்துருங்க" என்று சத்தமாகச் சொல்ல, மறுபடியும் சிரிப்பு. பொன்னழகு கெட்டவர் இல்லை, வாய் நீளம் அவ்வளவுதான்.

மூன்றாவது வரிசையில் சனாவுல்லா சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். கமர்ஜஹான் அவர் காதில் ஏதோ கேட்டாள். இரண்டு பேரும் சாப்பிடாமலே எழுந்து போனார்கள்.

உம்மு சல்மா எடுத்த தட்டை அப்படியே திருப்பி வைத்தாள். பிரியாணி வாசனையில் குமட்டல் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

*

வீட்டுக்கு வந்ததும் ஹக்கீம் முதல் வேலையாகக் கதவைச் சாத்தினார். சாத்தியதும் ஆரம்பித்தார்.

"ஏலே, உனக்குக் கண்ணு இருக்கா, அவிஞ்சுபோச்சா? என்ன எழுதியிருக்குன்னு பாக்காமயா காசக் கட்டுன?"

"பால்கனி ரூம் தனியா தீந்துபோச்சுண்ணே. கோம்போலதான் ஒண்ணு ரெண்டு மிச்சம் இருந்துச்சு."

"அப்ப தெரிஞ்சேதான் கட்டியிருக்க."

ஹாதி தரையைப் பார்த்தான். "நாம என்ன குடிக்கவா போறோம். அது பாட்டுக்கு ஒரு ஓரமா கிடந்துட்டுப் போகுதுன்னு நினைச்சேன்."

"குடிக்காதவன் எவன்டா காசு குடுத்துச் சாராயம் வாங்குவான்? நான் ஜமாஅத் கமிட்டில உக்காந்து ஊரானுக்குப் புத்தி சொல்றவன். என் தம்பி பேர மைக்ல சொல்லி ரெட் டேக்குன்னு கத்துறான். அதும் யாரு முன்னாடி? நாளைக்குச் சம்பந்தம் பேச வரப்போற மனுசன் முன்னாடி." ஹக்கீமுக்கு மூச்சு வாங்கியது. "சரி, பால்கனி என்னத்துக்கு? அதச் சொல்லு மொதல்ல."

வாசல்படியோரம் நின்ற மஹ்ஜபீனை ஹாதி பார்த்தான். அவள் வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினாள்.

"கடல் பாக்கலாம்னுதான்" என்றான்.

"மேல் தட்டுல நின்னு பாத்தா கடல் தெரியாதா? தூங்குறதுக்குத்தானல ரூமு. கண்ண மூடிட்டா ஜன்னலும் ஒண்ணுதான், செவுரும் ஒண்ணுதான். ஒரு ஜன்னலுக்கு இம்புட்டு விலையா?"

பொதுவாகப் பேசினால் ஹக்கீம் சொல்வதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. கப்பலுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதி எக்ஸ்ட்ராக்கள் வீண் என்றுதான் சொல்வார்கள். இலவசச் சாப்பாடே இறங்காத அளவுக்குப் போடுகிறான், போட்டோ செல்லிலேயே எடுத்துக்கொள்ளலாம், வைஃபை இல்லாவிட்டால் நாலு நாள் நிம்மதி. நானாக இருந்தாலும் பச்சை டேக்கோடு ஏறியிருப்பேன். ஆனால் அந்த உள்ரூமில் படுக்கப்போவது நானோ ஹக்கீமோ இல்லையே, மஹ்ஜபீன் அல்லவா.

போன நோன்புப் பெருநாளைக்குத் துணியெடுக்க மதுரை போனபோது, கடை லிஃப்டில் அவள் தனியாக மாட்டிக்கொண்டதை நாமும் ஹாதியும் மட்டும்தான் அறிவோம். கரண்டு போய், இருட்டில், இரண்டு மாடிக்கு நடுவே தொங்கியபடி அவள் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போனாள். அன்றிலிருந்து குளியலறைக் கதவுக்கு அவள் தாழ் போடுவதில்லை. பூட்டிய அறையில் செத்த நேரம் இருந்தாலும் நெஞ்சு அடைத்து, உடம்பு வியர்த்து, இப்போதே செத்துப்போவோம் என்று தோன்றிவிடும்.

இதை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். தாயத்துக் கட்டுவார்கள். மூளை சரியில்லாத பெண்ணை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று அவள் அம்மா வீட்டுக்கு ஆள் போகும். அதனால் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

ஹக்கீமின் செல் அடித்தது. எடுத்துக் கேட்டார்.

"சனாவுல்லா பாய். அசர் தொழுகைக்கு அப்புறம் வாராராம். வீட்லயும் வாராகளாம்" என்றார் செல்லை வைத்துவிட்டு. உடனே தம்பி பக்கம் திரும்பினார். "இங்க பாரு. ஏஜென்ட் பய மாத்திக் குடுத்துட்டான், நாங்க கேக்கவே இல்லன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசாத."

"பொய்யாண்ணே சொல்றது?"

"சாராயத்துக்குக் காசு கட்டும்போது அந்த நெனப்பு வரலையா உனக்கு?"

*

மாடியில் மஹ்ஜபீன் அந்தப் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு நின்றாள்.

"பார் சேந்துதான் வருதுன்னு எங்கிட்ட ஏன் மச்சான் சொல்லல?"

"சொன்னா நீ வேணாம்ப."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். கப்பலே வேணாம்னு இருந்திருப்பேன்."

"நீ பாட்டுக்குச் சந்தோசமா என்ன சேலை எடுத்துட்டுப் போகலாம்னு கேட்டுக்கிட்டு இருந்த. ஒரு வருசமா நீ எதையும் அப்படிக் கேட்டதில்ல." ஹாதி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். "இப்ப கேன்சல் பண்ணிரலாம். ஆனா டேக்க அம்புட்டுப் பேரும் பாத்தாச்சே."

அவளுக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தை அவன் மேல் வைக்கவும் முடியவில்லை. கீழே போனாள்.

அடுப்படியில் உம்மு சல்மா வெங்காயத்தை அரிந்துகொண்டிருந்தாள். வருகிறவர்கள் எப்படிப்பட்ட மனசோடு வந்தாலும் பஜ்ஜி இல்லாமல் டீ கொடுக்க அவளால் முடியாது. மஹ்ஜபீன் மாவைக் கரைக்க எடுத்தாள்.

"வச்சிரு. நீ செஞ்சது போதும்."

"அக்கா…"

"என்னை அக்கான்னு கூப்பிடாத இன்னைக்கு. நான் கேட்டனா, எனக்கும் ஜன்னல் வச்ச ரூம் வேணும்னு? மூத்தவ நான் உள்ரூம்ல கெடக்கேன், ஓரகத்தி பால்கனில நின்னு காத்து வாங்குறான்னு கூட நெனச்சேன். நெனச்சுட்டு வாய மூடிக்கிட்டேன். உன் ஒருத்தி ஆசைக்கு என் மக வாழ்க்கைல மண்ணு விழுகணுமா?"

"ஆசை இல்லக்கா."

"பின்ன என்னது?"

மஹ்ஜபீன் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து ஃபாயிஸா வந்து நின்றாள். தலை பின்னி, பூ வைத்து, வெளிறிப்போயிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் மஹ்ஜபீன் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மாவுக் கிண்ணத்தை இழுத்தாள்.

"அம்மா, அவுக வேணாம்னு சொல்லத்தான் வாராகளா?" என்று ஃபாயிஸா கேட்டாள்.

உம்மு சல்மா வெங்காயத்தை வேகமாக அரிந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

*

சனாவுல்லா வந்து சலாம் சொன்னார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கமர்ஜஹான் உள்ளே வராமல், கூடத்திலேயே புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பெண்கள் பக்கம் வந்து உட்காராதது உம்மு சல்மாவுக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

"சுத்தி வளைக்க வேணாம் ஹக்கீம் பாய். எனக்கு ஒரே கேள்வி. அந்த டேக் என்ன கதை?"

ஹக்கீம் தம்பியைப் பார்த்தார். ஹாதி மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரிச் சொன்னான்.

"ஏஜென்ட் பையன் மாத்திக் குடுத்துட்டான் பாய். நாங்க கேக்கவே இல்ல."

சனாவுல்லா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நானும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன் தம்பி. உங்க மேல பழி வரக்கூடாதேன்னு கூட்டம் முடிஞ்சதும் அந்தப் பையனுக்குப் போன் போட்டு சத்தம் போட்டேன். அவன் அழாத குறையாச் சொல்றான், ஹாதி சார்கிட்ட பார் சேந்துதான் வரும்னு ரெண்டு தடவ சொன்னேன், பரவாயில்ல போடுன்னாருன்னு."

ஹக்கீம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"குடிக்கிறவங்க வீடா இருந்தாக்கூட, திருந்துவாங்கன்னு நெனச்சுப் பேசிக்கலாம். பொய் சொல்ற வீட்ல நான் எப்படிப் பாய் சம்பந்தம் வைக்கிறது?" என்றார் சனாவுல்லா. சத்தமாகச் சொல்லவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து எழப்போனார்.

"அவுக குடிக்கிறவுக இல்ல மாமா. எனக்காகத்தான் பொய் சொன்னாக."

மஹ்ஜபீன் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். முக்காடு சரிந்ததைக்கூடச் சரி பண்ணவில்லை.

"எனக்குப் பூட்டுன ரூம்ல இருக்க முடியாது. போன வருசம் மதுரைல ஒரு லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன். அதுலருந்து ஜன்னல் இல்லாத எடத்துல கதவச் சாத்துனா மூச்சு நின்னுபோற மாதிரி வரும். டாக்டர்கிட்டயும் காமிச்சோம், மாத்திரை சாப்பிடுறேன். கப்பல்ல குடுக்குற ரூம்ல ஜன்னல் இல்லன்னு சொன்னாக. அதான் இவுக கெடச்சதக் கட்டிட்டாக. வீட்ல யாருக்கும் தெரியாது. நான்தான் சொல்ல வேணாம்னேன்."

உம்மு சல்மாவின் கையில் டீத் தட்டு இருந்தது. அவள் அதைக் கீழே வைத்தாள்.

அந்த மதுரைக் கடையில் அவளும் இருந்தாள். வியர்த்து விறுவிறுத்து வந்த மஹ்ஜபீனை, 'எங்கடி போய்ச் சுத்திட்டு வார, உன்னத் தேடிக் கால் வலிக்குது' என்று நாலு பேர் முன்னால் வைதவளும் அவள்தான். வீங்கிய கையைப் பார்த்து வளையல் போட்டுப் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு வருஷமாகத் தாழ் போடாத குளியலறைக் கதவைப் பார்த்துப் பார்த்து, வளர்ந்த வீடு அப்படி என்று பேசியிருக்கிறாள். அவமானம் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது.

சனாவுல்லா மறுபடியும் உட்கார்ந்தார். அவர் முகம் இளகியிருந்தது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "உடம்புக்கு முடியாம செஞ்சது வேற."

ஹக்கீம் பெருமூச்சு விட்டார். கதை அதோடு சுபமாக முடிந்திருக்கும். ஆனால் கமர்ஜஹான் அதுவரைக்கும் பேசவில்லை. இப்போது உம்மு சல்மாவைப் பார்த்துப் பேசினாள்.

"தப்பா நெனைக்காதீக. எனக்கு இருக்கது ஒத்தப் பையன். இந்த மாதிரி மனசுக் கோளாறெல்லாம் சில குடும்பத்துல வழிவழியா வரும்பாக. இது இவுகளுக்கு மட்டுந்தானா, இல்ல வீட்ல வேற யாருக்கும் உண்டா?"

ஹக்கீம் முந்திக்கொண்டார். "சேச்சே, எங்க ரத்தத்துல அதெல்லாம் கெடையாது. அந்தப் பிள்ள ஒட்டன்சத்திரத்துலருந்து வந்தது. அது அவுங்க அம்மா வீட்டு…"

அது உண்மையும்கூட. மஹ்ஜபீன் வேறு வீட்டுப் பெண். அவளைச் சற்று அந்தப் பக்கம் தள்ளி நிறுத்தினால் போதும், ஃபாயிஸாவின் கல்யாணம் இந்தப் பக்கம் பத்திரமாக நின்றுவிடும். மஹ்ஜபீனும் அதை எதிர்பார்த்துத்தான் தலை குனிந்து நின்றாள்.

"நீங்க செத்த சும்மா இருங்க" என்றாள் உம்மு சல்மா.

ஹக்கீம் திரும்பி மனைவியைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து வேற்றாள் முன்னால் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

"அந்த லிஃப்டுக்குள்ள நான் மாட்டியிருந்தா எனக்கு வந்திருக்கும். எம் மக மாட்டியிருந்தா அவளுக்கு வந்திருக்கும். உங்க பையன் மாட்டியிருந்தா உங்க பையனுக்கும் வந்திருக்கும். இவ மாட்டிக்கிட்டா, அம்புட்டுத்தான். இவ எங்க வீட்டுப் பொண்ணு. இவளுக்கு உண்டுன்னா எங்க எல்லாருக்கும் உண்டுன்னு வச்சுக்கங்க."

கமர்ஜஹான் எழுந்தாள். பஜ்ஜித் தட்டு தொடாமல் இருந்தது. சனாவுல்லா மனைவியைப் பார்த்தார், ஹக்கீமைப் பார்த்தார், பிறகு செருப்பை மாட்டினார்.

"நாளைக்கு ஜும்ஆவுக்கு…" என்று ஹக்கீம் இழுத்தார்.

"வீட்ல பேசிட்டுச் சொல்லி அனுப்புறேன் பாய்."

கார் கிளம்பிப் போனது.

*

"கெடுத்துட்ட" என்றார் ஹக்கீம். "வந்த வார்த்தைய ஒரு நிமிசம் வாய்க்குள்ள வச்சிருந்தா என்ன? அந்த மனுசன் ஒத்துக்கிட்டாருல்ல?"

மஹ்ஜபீன் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். "எனக்காக ஏங்க்கா இப்படிச் செஞ்சீங்க, நான் வேற வீட்டுலருந்து வந்தவ, ஃபாயிஸாவுக்கு…" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். உம்மு சல்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தோளைத் தொட்டாள். ஆறுதல் சொல்ல வரவில்லை, ஏனென்றால் அவள் நெஞ்சு பூராவும் உள்ளறைக் கதவிலேயே இருந்தது. மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

கதவு திறந்தது. ஃபாயிஸா நேராக அம்மாவிடம் வந்து கையை நீட்டினாள்.

"உங்க செல்லுல அவுக நம்பர் இருக்குல்ல. போட்டுக் குடுங்க."

"யாரு நம்பர்?"

"மாப்பிள்ளை நம்பர்தான்."

"என்ன பிள்ள பேசுற? நிக்காஹ் ஆகல, ஒண்ணும் ஆகல, பொட்டப்பிள்ள போன் போட்டுப் பேசுறதா?" என்று ஹக்கீம் எழுந்தார்.

"அவுக அம்மா ஒண்ணு கேட்டுட்டுப் போனாகல்ல அத்தா. அதையே அவுகளும் கேக்குற ஆளான்னு எனக்குத் தெரியணும். உங்க சம்பந்தம் நாளைக்கு நின்னா நிக்கட்டும், போனா போகட்டும். எனக்கு அது இன்னைக்கே தெரியணும்" என்று அப்பாவிடம் சொன்னாள் ஃபாயிஸா.

ஹக்கீம் மனைவியைப் பார்த்தார், தடுப்பாள் என்று. உம்மு சல்மா செல்லை எடுத்து, நம்பரைத் தேடி, அழுத்தி, மகள் கையில் கொடுத்தாள்.

மணி அடித்தது. ஃபாயிஸா ஸ்பீக்கரைப் போட்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் போட்டாள்.

"ஹலோ, யாரு?" என்றது ஆண்குரல்.

"நான் ஃபாயிஸா." குரல் உடைந்தது, செருமிக்கொண்டாள். "எங்க சின்னம்மாவுக்குப் பூட்டுன ரூம்ல இருக்க முடியாது. எங்க வீட்ல வேற யாருக்கும் அப்படி உண்டான்னு உங்க அம்மா கேட்டுட்டுப் போறாக. இன்னைக்கு இல்ல. நாளைக்கு எனக்கும் அப்படி வந்துருச்சுன்னா, நீங்க என்ன செய்வீங்க?"

அந்தப் பக்கம் பதில் வரவில்லை. செல்லை வைக்கவும் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கூடம் பூராவும் கேட்டுக்கொண்டிருந்தது. (தொடரும்)